கணக்கு 8.10, தமிழ் வழி பஸ் ஸ்டாண்டு

பாட அட்டவணை போடுகிற வேலையில் ஒரு சௌகரியம் உண்டு: போடுகிறவனுக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அப்படி இல்லாவிட்டால் அந்த வேலை என் கைக்கு வந்தே இருக்காது. நான் படித்தது அஞ்சாவது வரை. அதன் பிறகு கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருஷம் தனியார் வண்டிகளுக்கு டைம் கீப்பர். வண்டி வந்த நேரத்தை நோட்டில் எழுதி, எடுக்க வேண்டிய நேரத்துக்கு விசில் ஊதி அனுப்புவதுதான் உத்தியோகம். ஒரு நிமிஷம் பிசகினாலும் பின்வண்டி டிரைவர் சட்டையைப் பிடிப்பான்.

ஓய்வுக்கு வந்த மறு வருஷம் எங்கள் மாடிப் போர்ஷனுக்கு ஸ்டெல்லா குடிவந்தார். துபாயில் அவர் வீட்டுக்காரர் அந்தோணியின் கம்பெனி ஆட்டம் கண்டிருந்தது. தான் அங்கேயே இருந்து சமாளிப்பதாகச் சொல்லி, குடும்பத்தை மட்டும் ஊருக்கு அனுப்பிவிட்டார். பத்து வயது ஷெரின், எட்டு வயது ஆல்வின். வந்து இறங்கியது நவம்பரில். நடு வருஷத்தில் யார் சேர்ப்பார்கள்? ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியின் தலைமை சிஸ்டர் மட்டும் ஜூனில் வரச் சொன்னார். "பையனுக்கு மூணாவது. எழுத்து தெரிஞ்சா போதும். பொண்ணுக்கு அஞ்சாவதுன்னா தமிழ்ல சொந்தமா நாலு வரி எழுதிக் காட்டணும். வரலைன்னா தம்பியோட மூணாவதுல உட்காரட்டும்" என்றார். ஷெரின் தமிழ் நன்றாகப் பேசுவாள். எழுதுவதற்கு 'அ' கூடத் தெரியாது.

அதுவரை வீட்டிலேயே படிப்பு என்று முடிவாயிற்று. ஸ்டெல்லா ஏழு கலர் பேனா வாங்கி ஒரு சார்ட் எழுதிச் சுவரில் ஒட்டினார். மூன்றாம் நாள் சார்ட்டும் அவரும் சேர்ந்து சாய்ந்துவிட்டார்கள். வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் என்று இறங்கி, காலை ஒன்பது மணிக்கே தொண்டை கட்டிப்போன அன்பர்களுக்கு அந்த மூன்றாம் நாளைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. மாடிப்படி இறங்கி வந்து ஸ்டெல்லா கேட்டது இதுதான்: "அங்கிள், ஒரு நாளைக்கு நூறு வண்டி அனுப்புனவங்க நீங்க. இந்த ரெண்டை அனுப்ப முடியாதா?"

அடுத்த கணக்கு

பழைய டிரிப் ஷீட் மாதிரியே கோடு போட்டேன். 8.10 கணக்கு. 8.50 பத்து நிமிஷம் ஹால்ட். 9.00 இங்கிலீஷ். முழு மணியில் எதையும் ஆரம்பிக்காதே என்பது எங்கள் தொழில் பாடம். எட்டு மணி என்றால் ஆள் எட்டேகாலுக்குத்தான் வரும். 8.10 என்று எழுதினால் பயந்துகொண்டு 8.05க்கே வந்து நிற்கும்.

முதல் நாள் சரியாக 8.10க்கு மாடிப்படியில் நின்று விசில் ஊதினேன். ஆல்வின் வாயில் பேஸ்ட் நுரையோடு ஓடிவந்து உட்கார்ந்துவிட்டான். ஷெரின் மட்டும் கட்டிலை விட்டு இறங்காமல், போர்வைக்குள்ளிருந்தே நிதானமாகக் கேட்டாள்: "இதை விட்டா அடுத்த கணக்கு எத்தனை மணிக்கு, தாத்தா?"

இரண்டு வண்டிக்கு ஒரே டிரைவர்

நான் செய்த முதல் தப்பு இது. ஒன்பது மணிக்கு ஷெரினுக்கு இங்கிலீஷ், அதே ஒன்பதுக்கு ஆல்வினுக்கு வாய்ப்பாடு என்று எழுதிவிட்டேன். இரண்டையும் ஓட்ட வேண்டிய டிரைவர் ஸ்டெல்லா ஒருவர்தான் என்பது உறைக்கவில்லை. அவரோ அடுப்பையும் சேர்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். ஷெரின் ஏதோ இங்கிலீஷ் வார்த்தைக்கு ஸ்பெல்லிங் கேட்டால், "ஐம்பத்தாறு" என்று பதில் வந்தது.

இது போதாதென்று குக்கர். விசில் ஊதினால் வண்டி புறப்படும் என்று நான்தானே பழக்கியிருந்தேன்? குக்கர் ஒரு விசில் அடித்ததும் ஆல்வின் நோட்டை மூடிவிட்டு எழுந்து போனான். பார்த்தேன். சண்டை போடுவதைவிடச் சட்டமாக்கிவிடுவது நல்லது என்று, "குக்கர் அடங்குற வரைக்கும் வாய்ப்பாடு" என்று ஷீட்டில் திருத்தினேன். ஒரு வாரம் அருமையாக ஓடியது. எட்டாம் நாள் பையன் சமையல்கட்டு வாசலில் நின்று அம்மாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான்: "கொண்டைக்கடலை வேணாம்மா, அதுக்கு எட்டு விசில். பருப்பே வைங்க, மூணுல முடிஞ்சிடும்."

ஈ.வி.எஸ்.

பிள்ளைகளின் புத்தகம் ஒன்றின் மேல் ஈ.வி.எஸ். என்று போட்டிருந்தது. எங்கள் பக்கம் தனியார் வண்டி எல்லாமே இப்படி மூன்று எழுத்துதான். எந்த முதலாளி, எந்த ரூட் என்று ரொம்ப நேரம் யோசித்தேன். கடைசியில் ஸ்டெல்லா சொன்னார், மண், தண்ணீர், மரம், மாடு பற்றிய பாடமாம். அதற்கு எதற்குப் புத்தகம் என்று, தை மாதம் ஒரு நாள் காலையில் இரண்டு பேரையும் வலங்கைமான் ரோட்டில் ஒரு வயலுக்குக் கூட்டிப்போனேன்.

புத்தகத்தில் 'உழவர் அரிவாளால் கதிர் அறுக்கிறார்' என்று படம். வயலில் அறுப்பு மிஷின் சத்தம் காதைப் பிளக்கிறது. ஆல்வின் படத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, மூட்டை பிடிக்க நின்ற ஒரு அம்மாவிடம் போய், இந்த அரிவாள் எங்கே என்று கேட்டான். அந்த அம்மா படத்தைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், என்னையும் ஒரு பார்வை பார்த்தார். "போட்டோ எடுக்கணும்னா சொல்லு தம்பி, வீட்டுலேர்ந்து எடுத்தாரேன். அறுக்கணும்னா மிஷின்தான்."

வெள்ளிக்கிழமை செக்கிங்

துபாயில் வெள்ளிக்கிழமை லீவு. அன்று அந்தோணி போன் செய்வார். எங்கள் பாஷையில் சொன்னால் செக்கிங் இன்ஸ்பெக்டர். வாரம் முழுக்க ஏனோதானோ என்று ஓடியவர்கள் எல்லாம் வியாழக்கிழமை சாயங்காலமே டிக்கெட்டைத் தேட ஆரம்பித்துவிடுவோம்.

மார்ச்சில் ஒரு வெள்ளி, போனை என்னிடம் தரச்சொன்னார். "அங்கிள், ஷெரினுக்குத் தமிழ் எவ்வளவு கவர் ஆயிருக்கு?" என்றார். உண்மையில் க, ங, ச தாண்டவில்லை. கவர் என்றால் என்ன அளவு என்று எனக்குத் தெரிந்தால்தானே? தஞ்சாவூர் வண்டிக்குச் சொல்கிற மாதிரி, "பாபநாசம் தாண்டிட்டோம் தம்பி" என்று அடித்துவிட்டேன். அவரும் இதே கும்பகோணத்தில் வளர்ந்த பிள்ளை என்பதை மறந்துபோனேன். "பாபநாசம்னா இன்னும் பாதிக்கு மேல கிடக்கே, அங்கிள்!"

வழி

தமிழ்தான் நகரவில்லை. பத்து வயதுப் பெண்ணிடம் அணில் படம் போட்ட புத்தகத்தை நீட்டினால் என்ன செய்வாள்? மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். இதில் ஆல்வின் வேறு, "என் க்ளாஸுக்கு வா, நான்தான் லீடர். என்னைக் கேட்டுட்டுதான் நீ பாத்ரூம் போகணும்" என்று தினமும் மந்திரம் மாதிரி ஓதிக்கொண்டிருந்தான். ஒரு நாள் அவள் சத்தமில்லாமல் அழுவதைப் பார்த்தேன். அன்றே ஷீட்டில் தமிழை அடித்துவிட்டு, 'மாலை 4.40, பஸ் ஸ்டாண்டு' என்று எழுதினேன்.

பழைய ஆட்களோடு டீ குடிக்க நான் எப்படியும் அங்கே போவேன். அவளைப் பக்கத்தில் நிற்க வைத்து, வருகிற வண்டியின் போர்டை எழுத்தெழுத்தாகக் காட்டிப் படிக்கச் சொன்னேன். அணிலைத் திரும்பிப் பார்க்காதவள் ஒரத்தநாட்டை ஒரே வாரத்தில் பிடித்தாள். மூன்று வாரத்தில் திருவிடைமருதூர். எங்கும் நிற்காத வண்டிக்குப் பெயர் பாயிண்ட் டு பாயிண்ட் என்று சொன்னதும், அதையும் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தாள். தூரத்தில் வரும்போதே படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மே மாதம் அவளாகவே வாக்கியம் எழுத ஆரம்பித்தாள். 'நாங்கள் பூசைக்குப் போனோம் வழி மீன் மார்க்கெட்.' 'ஆல்வின் தூங்கினான் வழி டிவி.' எல்லா வரியிலும் ஒரு வழி. "மீன் மார்க்கெட் வழியாகன்னு எழுதணும் பாப்பா" என்றேன். "போர்டுல 'யாக' இல்லையே தாத்தா" என்றாள். போர்டில் இல்லைதான். 'தஞ்சாவூர் வழி பாபநாசம்' என்று முப்பத்தோரு வருஷம் பார்த்தவன், அதில் ஒன்று குறைகிறது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருந்தது. நோட்டைப் புரட்டிய ஸ்டெல்லாவின் முகம் போன போக்கை இப்போதும் மறக்க முடியவில்லை. "அங்கிள், இது தமிழா, பஸ் போர்டா?"

சிஸ்டர் முன்னால்

அந்தப் பத்து நாளும் 'வழியாக' என்று நூறு தடவை எழுத வைத்தோம். பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் ஒரு தாளைக் கொடுத்து, "உன்னைப் பத்தி நாலு வரி எழுதும்மா" என்றார். ஸ்டெல்லாவும் ஆல்வினும் நானும் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஷெரின் வலது கையால் எழுதி, இடது கையால் மறைத்துக்கொண்டாள். முடித்ததும் சிஸ்டர் தாளை வாங்கிச் சத்தமாகப் படித்தார்.

'என் பெயர் ஷெரின். நான் துபாயிலிருந்து கும்பகோணம் வந்தேன் வழி திருச்சி.'

போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். சிஸ்டர் நிறுத்தவில்லை. 'அம்மா வந்தார். தம்பி வந்தான். அப்பா வண்டி லேட். நாங்கள் நிற்கிறோம்.'

ஸ்டெல்லா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, தமிழ் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டார். மூன்று விரலும் என் பக்கம் நீண்டன. "உங்களைப் பஸ் ஸ்டாண்டுல பார்த்திருக்கேனே. எதுவரைக்கும் படிச்சீங்க?" என்றார். எழுந்து நின்று, "அஞ்சாவதுங்க சிஸ்டர்" என்றேன். முப்பத்தோரு வருஷத்தில் எந்த செக்கிங்குக்கும் அப்படி வேர்த்ததில்லை. அவர் தாளில் அந்த 'வழி'யைச் சிவப்பு மையால் வட்டம் போட்டுவிட்டு, ஷெரினைப் பார்த்துச் சொன்னார்: "வழி மூணாவதெல்லாம் உனக்கு வேண்டாம். நேரா அஞ்சாவது. பாயிண்ட் டு பாயிண்ட்."

இரண்டு பென்சில்

வெளியே வந்ததும் ஷெரின் வராந்தா தூண் ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டு ஓடினாள். ஆல்வின் மட்டும் பின்தங்கினான். லீடர் பதவி போன வருத்தம் என்று நினைத்து, சமாதானம் சொல்ல அவன் பையைத் தூக்கிக்கொண்டேன். பென்சில் பெட்டி திறந்து விழுந்தது. உள்ளே சீவி முனை நீட்டிய இரண்டு பென்சில். ஒன்றில் அவன் பெயர். இன்னொன்றில் ஒட்டிய காகிதத்தில், கோணல்மாணலாகத் தமிழில் 'ஷெரின்'.

"இது எதுக்குடா?" என்றேன். குனிந்து பெட்டியை எடுத்து மூடினான். "அக்கா என் க்ளாஸுக்கு வந்தா அழும்ல தாத்தா. அப்ப குடுக்கலாம்னு வச்சிருந்தேன்."

இப்போது ஷெரின் ஆறாவது படிக்கிறாள். அது நான் போகாத ரூட் என்பதால், காலையில் விசில் ஊதுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.