கன்னத்தில் படித்த ஆங்கிலம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அறை வாங்கினால் ஆங்கிலம் வரும் என்று கண்டுபிடித்த அறிவாளி நான்தான். வேறு யாரும் என்னைக் கெடுக்கவில்லை.

போன வாரம், நான் பிழைக்க வந்த இந்த மராத்தி ஊரின் பாணேர் பகுதியில், ஒரு நண்பர் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அவர் மகள் மேல்படிப்பு நுழைவுத் தேர்வுக்காக மொபைலில் ஆங்கிலச் சொற்கள் படித்துக்கொண்டிருந்தாள். தப்பான விடையைத் தொட்டால் ஒரு மஞ்சள் பொம்மை சிரித்துக்கொண்டே, பரவாயில்லை, இன்னொரு முறை பார் என்கிறது. எனக்கு இடது கன்னம் சுரீரென்றது.

பல வருஷங்களுக்கு முன்னால், இதே ஊரில் கோந்த்வா பக்கம் ஒரு வாடகை அறையில் நானும் முத்துப்பாண்டியும் இருந்தோம். நான் கோயம்புத்தூர், அவன் திருநெல்வேலி. ஊருக்கு வெளியே சாகணில் ஒரு தொழிற்சாலையில், தகடு நசுக்கும் பிரஸ் ஷாப்பில் இருவருக்கும் வேலை. நாள் முழுக்கத் தடார் தடார். தூங்கினால் கனவிலும் தடார். அங்கிருந்து தப்ப எனக்குத் தெரிந்த ஒரே கதவு வெளிநாட்டு எம்.எஸ்., அதன் சாவி இந்தத் தேர்வு. கம்பெனி பஸ்ஸில் அவன் புத்தகத்தைப் பார்த்துச் சொல் கேட்பான். நான் பொருள் சொல்ல வேண்டும். தப்பானால் ஓர் அறை. சட்டம் என்னுடையது, கை அவனுடையது. அவனும் எழுதப்போகிறவன்தான், அவன் முறை வரும்போது நானும் அறையலாம். ஆனால் அந்தப் பாவி ஒன்றைக்கூடத் தப்பாகச் சொன்னதில்லை.

“ஏல, கன்னத்தக் காட்டு” என்பான், மருந்து தடவப் போகிறவன் மாதிரி.

முன்சீட்டு ஷிண்டே முதல் நாள் பதறிப்போய்த் தடுக்க வந்தார். பிறகு பழகிவிட்டது. சத்தம் கேட்டால் திரும்பாமலே, “ஆஜ் பீ ஃபெயில்?” என்பார், இன்றைக்கும் ஃபெயிலா என்று.

என் தேர்வுக்கு முந்தின நாள் காலை. ‘ப்ளேகேட்’ என்றான்.

“சமாதானப்படுத்தறது.”

பளார். பஸ் பள்ளத்தில் குதித்ததில் அவன் கண் கீழே ஏதோ வரிக்கு வழுக்கியிருக்கிறது.

“திருடுறதுன்னுலா போட்டிருக்கு.”

“சரியாத்தான்டா சொன்னேன்.”

எதிர்த்துப் பேசியதற்கு இன்னொரு பளார். அத்தனை மாத அறையும் உள்ளே வட்டியோடு கிடந்ததோ என்னவோ, டிபன் டப்பாவால் அவன் வாயில் போட்டேன். உதடு கிழிந்தது. அவன் என் கண்ணில் குத்தினான். சீட்டுகளுக்கு நடுவே உருண்டோம். கடித்தோம் என்றும் ஷிண்டே பிற்பாடு சொன்னார். சட்டையில் சாம்பார் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை. டிரைவர் எங்களை நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

சாலையோரம் உட்கார்ந்து புத்தகத்தைத் துடைத்துப் பார்த்தான்.

“ஏல... நீ சொன்னதுதாம்ல சரி.”

மறுநாள் தேர்வு மையத்தில் ஓர் அம்மாள் என் பாஸ்போர்ட் படத்தைப் பார்த்தார். கண் ஒன்று மூடி, கன்னம் பன்னாக உப்பியிருந்த என்னைப் பார்த்தார். “இது நீங்கள் இல்லை” என்றார் இந்தியில். துணைக்கு வந்திருந்த முத்துப்பாண்டி தையல் போட்ட உதட்டோடு முன்னால் பாய்ந்து, “மேடம், அதே மூஞ்சிதான், நான்தான் அடிச்சு இப்படி ஆக்கினேன்” என்று இந்தியில் வாதாடினான். அம்மாள் செக்யூரிட்டியைக் கூப்பிட்டார்.

அவன் தேர்வு அடுத்த மாதம். அதற்குள் உதடு ஆறிவிட்டது. எழுதினான், அமெரிக்கா போனான். அறைய ஆளில்லாமல் என் ஆங்கிலம் அந்த இடத்திலேயே நின்றது. இன்னும் சாகணில்தான் இருக்கிறேன். தனியாகக் காரில் போகிறேன். அந்த பஸ் ஓடுவதில்லை. தப்புச் செய்தால் இப்போது எல்லோரும் மரியாதையாக மெயில் அனுப்புகிறார்கள்.

நேற்று அவனுக்கு மெசேஜ் போட்டேன்: “டேய், ஒரு வார்த்தைக்கு அர்த்தம் மறந்துபோச்சு. கேக்கட்டுமா?”

“நெட்ல பாரு.”