பறக்கும் கேமராவின் சொந்தக்காரி

மோகனூரில் வசந்தாமணியின் வாழைத்தோப்பு எங்கே என்று கேட்டால் எல்லோரும் வழி சொல்வார்கள். கணவர் இறந்தபோது, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மூலையில் உட்காரச் சொன்னவர்கள்தான் அதிகம். அவள் உட்காரவில்லை. கன்று நட்டாள், தார் வெட்டினாள், மகள் அறிவுச்செல்வியை இன்ஜினியரிங் படிக்க வைத்தாள். வாழைக்கு மண் அணைப்பது எப்படி என்று வீடியோ எடுத்துப் போட ஆரம்பித்தாள். கையில் மண்வெட்டி இருக்கும்போது போனை யார் பிடிப்பது? அதற்காகத் தானாகப் பறக்கும் குட்டிக் கேமரா ஒன்றை வாங்கினாள். உள்ளங்கையில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் எழும்பும். சொந்தக்காரியை அடையாளம் வைத்துக்கொண்டு, அவள் போகிற இடமெல்லாம் படம் பிடித்தபடி கூடவே வரும்.

"தாலியறுத்தவளுக்குப் படம் ஒரு கேடா?" என்று சொந்தபந்தம் முணுமுணுத்தது. முணுமுணுத்தவர்களில் ஒருவராவது அவள் தோப்புக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருப்பாரா? கிடையாது.

அறிவுச்செல்வியின் கல்யாணம் நாமக்கல் மண்டபம் ஒன்றில் நடந்தது. மகளைத் தாரை வார்த்துக் கொடுப்பது தானேதான் என்று வசந்தாமணி முடிவு செய்திருந்தாள். படமெடுக்க வந்த ஜெர்ரி, சேலம் ஃபேர்லேண்ட்ஸ்காரன், அவள் கேமராவைப் பறக்கவிட்டு, அது எடுக்கும் படத்தை மண்டபத்தின் பெரிய திரையில் ஓடவிட்டான்.

"பொண்ணப் படம் புடிக்கற மாதிரி மாத்தோணுங்களா?" என்று வசந்தாமணி கேட்டாள்.

"எதுக்குங்கம்மா? நீங்க பொண்ணு பக்கத்துலதானே நிப்பீங்க."

மாதாகோவில் கல்யாணங்களையே பார்த்து வளர்ந்தவன் அவன். கணவனை இழந்த அம்மாவைப் பின்னால் அனுப்பும் வழக்கம் அவனுக்கு எப்படித் தெரியும்?

முகூர்த்த நேரத்தில் கணவரின் அண்ணன் தங்கமுத்து அவளை ஓரமாகக் கூப்பிட்டார். "அம்மிணி, தாரை வாக்கறத நானும் எம்பொண்டாட்டியும் பாத்துக்கறோம். நீயி முன்னால நின்னா நல்லாருக்காது. கடைசீல போயி ஒக்காந்துக்க சாமி."

"அவ எம்புள்ளைங்க மாமா."

"அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அந்த ஒரு வார்த்தையில் அவள் அடங்கிப்போனாள். மகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எந்தத் தாய்க்கும் வருகிற பயம்தான். கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். கேமராவும் மேடையை விட்டு அவள் பின்னாலேயே வந்து நின்றது.

திரையிலிருந்து மணமக்கள் காணாமல் போனார்கள். காலி நாற்காலிகளுக்கு நடுவே, பட்டுப்புடவை கட்டிய ஒருத்தி, கூப்பிடாத விருந்துக்கு வந்தவள்போல ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. வசந்தாமணியும் நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். தன்னைப் பார்த்து அவளுக்கே கோபம் வந்தது.

எழுந்து நேராக மேடைக்கு நடந்தாள். திரை முழுக்க அவள்தான். படியில் தங்கமுத்து தடுக்கக் கையை நீட்டினார். நீட்டிய கை திரையில் அவருக்கே தெரிந்ததும் மடக்கிக்கொண்டார்.

"மொதல்ல அந்தக் கருமத்த நிறுத்து!" என்று பல்லைக் கடித்தார்.

"நிறுத்தறனுங்க மாமா. அது இல்லாட்டியும் நான் இங்கதான் நிப்பேன்."

உள்ளங்கையை நீட்டினாள். கேமரா இறங்கி அடங்கியது, திரை கருத்தது. தங்கமுத்துவின் மனைவி சாரதாமணி கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பை யாரையும் கேட்காமல் வாங்கினாள். மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்தாள்.

"பெத்தது நானு, வளத்தது நானு. குடுக்கறதும் நாந்தேன்" என்று சொல்லித் தண்ணீரை வார்த்தாள்.