குறை சொல்லி விற்ற லேப்டாப்புகள்

லேப்டாப் கடையில் விற்பனையாளனாக நிற்பவன், வாங்க வந்தவருக்கு மட்டும் பதில் சொன்னால் போதாது. நாளைக்கு அவர் வீட்டுக்கு வந்து, பொருளைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கப்போகும் மச்சானுக்கும் சேர்த்து இன்றைக்கே பதில் சொல்ல வேண்டும். என்னைப் போல ஏதாவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கும் அன்பர்களுக்கு இது புரியும். மற்றவர்கள் கொஞ்சம் இரக்கத்தோடு படிக்கவும்.

நான் அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறவன். ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. பகலில் யாரிடம் எதைச் சொன்னாலும், சொன்னது சரிதானா என்று திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்கு நானே விசாரணை நடத்துவேன். முதலாளி ரியாஸ் லப்பைக்குடிக்காட்டுக்காரர், என்னைவிடக் கிட்டத்தட்ட இருபது வயது இளையவர். துபாயில் பல வருடம் இருந்துவிட்டு, இனி ஊரோடு இருந்துகொள்வது என்று வந்து கடை போட்டவர். மூத்த மகள் பிறந்தபோது அவர் அங்கே இருந்தார். பிள்ளையின் முகத்தை முதலில் பார்த்தது போனில். இப்போது மனைவி மறுபடி உண்டாகியிருந்தார். "இந்தப் புள்ளையையாவது மொத நாளே கையில வாங்கணும்ணே" என்று வாரத்துக்கு ஒரு தரமாவது சொல்லிவிடுவார்.

இந்த நிலைமையில்தான் அவர் ஒரு காரியம் செய்தார். ஆர்ம் சிப் போட்ட லேப்டாப்புகள் தள்ளுபடியில் வருகின்றன என்று கேள்விப்பட்டு, கையில் இருந்ததையெல்லாம் போட்டு மொத்தமாக எடுத்துவிட்டார். ஆர்ம் என்பது நம் செல்போனில் இருக்கும் சிப் வகை. மின்சாரம் கொஞ்சமாகத்தான் குடிக்கும். காலையில் சார்ஜ் போட்டால் பொழுது சாயும் வரை தாங்கும். சூடாகாது, விசிறிச் சத்தம் கிடையாது, தூக்கினால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத்தான் கனம். ஆனால் பழைய பிரிண்டர், கைரேகைக் கருவி, சில சாஃப்ட்வேர்கள், பெரிய விளையாட்டுகள் எல்லாம் இதோடு முரண்டு பிடிக்கும். தள்ளுபடிக்கு அதுவும் ஒரு காரணம். பிரசவத்துக்குள் இந்தச் சரக்கு நகராவிட்டால் கடையைச் சாத்திவிட்டு ரியாஸ் மறுபடி விமானம் ஏற வேண்டும். அங்கே அவருடைய தாய்மாமா ஒரு வேலையைப் பிடித்து வைத்துக்கொண்டு, வருகிறாயா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தார். விற்க வேண்டியவன் நான். வாயைத் திறந்தால் குறைகளிலிருந்து ஆரம்பிக்கிறவன்.

செல்போனுக்கு அண்ணன்

முதலில் வந்தவர் எங்கள் அரியலூர்ப் பக்கத்து லாரிக்காரர். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் வண்டிகள் வைத்திருக்கிறார். ட்ரிப் கணக்கு போட ஒரு லேப்டாப் வேண்டும் என்றார். தள்ளுபடி விலையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கூடவே மனைவியும் வந்திருந்தார். நான் வழக்கம்போல, "ஐயா, இதுல செல்போன்ல இருக்கிற மாதிரி சிப்பு. நல்லதும் இருக்கு, சிக்கலும் இருக்கு" என்று தொடங்கினேன். சிப் என்றால் என்ன, அது எப்படி வேறு, எதெல்லாம் ஓடும், எதெல்லாம் ஓடாது என்று நான் முடிப்பதற்குள் கடைப் பையன் வாங்கி வந்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார். மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அப்ப இது செல்போனுக்கு அண்ணன் மாதிரின்னு சொல்லுங்க. தம்பி ஒருத்தன் வூட்டுக்கு வந்ததுக்கே எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை நின்னுபோச்சு, அண்ணன் வேற எதுக்குங்க?"

பேசிக்கொள்ளாத ஜோடி

நான் டீ குடிக்கப் போயிருந்த சமயம் ரியாஸே ஒன்றை விற்றுவிட்டார். வாங்கியவர் பத்திரம் டைப் அடித்துக் கொடுக்கிறவர். நான் வந்ததும், "பாருங்கண்ணே, பத்து நிமிசத்துல முடிச்சேன்" என்று ரியாஸ் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். எனக்கு அன்றைக்கு பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை. அந்த மனிதரிடம் எந்தக் காலத்துப் பிரிண்டர் இருக்கிறதோ, தமிழ் டைப் அடிக்க எந்தக் காலத்து சாஃப்ட்வேர் வைத்திருக்கிறாரோ!

மறுநாள் கடை திறக்கும் முன்பே ஷட்டர் வாசலில் நின்றார். ஒரு கையில் லேப்டாப், மறு கையில் இடுப்போடு அணைத்தபடி பழைய பிரிண்டர். இரண்டையும் கவுண்டரில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார். நானும் ரியாஸும் முயற்சி செய்து பார்த்தோம். அந்தப் பிரிண்டரை ஆர்ம் லேப்டாப்போடு பேச வைக்கும் டிரைவர் சாஃப்ட்வேரே வரவில்லை. ரியாஸ் மறுபேச்சில்லாமல் திருப்பி எடுத்துக்கொண்டார். போகும்போது அந்த மனிதர் கோபப்படக்கூட இல்லை. "பொருத்தம் பார்க்காம கல்யாணத்தப் பண்ணி வச்சுட்டீங்க சார். ராத்திரி பூரா பக்கத்துல உட்கார வச்சுப் பார்த்தேன், ஒன்னோட ஒன்னு பேசிக்கவே மாட்டேங்குது."

கையோடு எடுத்து வரவும்

அதற்குப் பிறகு நான் ஒரு அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டேன்: 'இந்த லேப்டாப்பில் நீங்கள் எதையெல்லாம் இணைத்து வேலை செய்வீர்களோ, அதையெல்லாம் கையோடு எடுத்து வரவும். வேலை செய்தால் மட்டும் வாங்கவும்.' இப்படி எழுதினால் யார் வருவார்கள் என்று ரியாஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

ஆனால் வந்தார்கள். பிரிண்டர் வந்தது, ஸ்கேனர் வந்தது, கோயில் மைக்செட்டே ஒரு நாள் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக வரதராஜன்பேட்டையிலிருந்து அந்தோணிசாமி என்ற முந்திரி வியாபாரி வந்தார். எடையைக் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிற எலக்ட்ரானிக் தராசு ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு, பஸ் மாறி வந்திருந்தார். எடை போட்டுப் பார்க்க ஒரு பை முந்திரிப் பருப்பும் கொண்டு வந்திருந்தார். கேபிளை மாட்டினேன். பருப்பை வைத்ததும் திரையில் எடை வந்தது. கடையே கை தட்டியது. பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. ரியாஸ் தன் ஹெல்மெட்டை வைத்துப் பார்த்தார். மவுஸ் வாங்க வந்த அம்மா, சந்தையில் வாங்கிய சின்ன வெங்காயப் பையை வைத்துவிட்டு, "பாவிப்பய, எடையில அடிச்சுட்டான்" என்று விற்றவனைத் தேடி அப்போதே கிளம்பிவிட்டார். மவுஸ் கவுண்டரிலேயே கிடந்தது.

அந்தோணிசாமி லேப்டாப்பை வாங்கிக்கொண்டார். எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கை பருப்பு அள்ளிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நான் ஒரு பருப்பக் கடிச்சுப் பார்க்காம மூட்டை எடுக்க மாட்டேங்க. லேப்டாப்பக் கடிச்சுப் பார்க்க விட்ட கடை ஒங்க கடை ஒன்னுதான்."

மேடம் கேட்ட கேள்வி

ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். மனைவி பள்ளி ஆசிரியை. கணவர் தனியார் கம்பெனியில் வேலை. வாங்குவது மனைவிக்கு என்றார்கள். பேச்சு முழுக்க கணவர்தான். விளையாட்டுகளைப் பற்றி அவர் அடுக்கடுக்காகக் கேட்கக் கேட்க, நான் ஒவ்வொன்றுக்கும் "ஓடாது சார்", "சந்தேகம்தான் சார்", "ஓடினாலும் திக்கித் திணறும் சார்" என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. இதுவும் போச்சு என்று நினைத்தேன்.

அதுவரை சும்மா இருந்த அந்த அம்மா முன்னால் வந்தார். கேள்வித்தாள் அடிக்கலாமா, வகுப்பில் படம் காட்டலாமா என்று இரண்டே கேள்விதான் கேட்டார். இரண்டும் முடியும் என்றேன். கைப்பையைத் திறந்துகொண்டே சொன்னார்: "நீங்க சொன்ன கொறையெல்லாம் எனக்கு வரமாத்தான் தெரியுது சார். மொதல்ல பேக் பண்ணுங்க, இவர் என் மனச மாத்துறதுக்குள்ள."

வாயை மூடிய நாள்

இப்படி ஒன்றிரண்டு போனாலும், லேப்டாப் அடுக்கு குறையாமல் அப்படியேதான் இருந்தது. ஒரு நாள் பின்னால் இருக்கும் சின்ன அறையில் ரியாஸ் மாமாவோடு போனில் பேசுவது காதில் விழுந்தது. "இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க மாமா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். என் நேர்மைக்கு அவர் குடும்பம் விலை கொடுப்பது என்ன நியாயம்? நேர்மை என்று நான் நினைத்துக்கொள்வதே வெறும் பயமாக இருந்தால்? நாளைக்கு என்னை யாரும் திட்டிவிடக் கூடாது என்கிற பயம். இனிமேல் குறைகளைச் சொல்வதில்லை, கேட்டால் மட்டும் சொல்வது என்று தீர்மானித்தேன்.

அன்றைக்கு வந்தவர் குன்னம் பக்கத்து மக்காச்சோள வியாபாரி. பேட்டரியைப் புகழ்ந்தேன், எடையைப் புகழ்ந்தேன், விலையைப் புகழ்ந்தேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. அவர் லேப்டாப்பை மெதுவாக மூடி என் பக்கம் தள்ளினார். "ஒரு கொறையும் இல்லாத மாட்ட எதுக்குங்க பாதி வெலைக்குக் கொடுக்குறீங்க?"

அவர் போனதும் ரியாஸ் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, பொய் ஒங்க மூஞ்சிக்குச் செட்டே ஆகல. நான் துபாய்க்கே திரும்பிப் போறதா இருந்தாலும் நல்ல பேரோட போறேன், நீங்க பழையபடியே பயமுறுத்துங்க."

பஸ் ஸ்டாண்ட் வகுப்பு

சபியா டீச்சர் லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்தார். வளைகுடாவில் பெற்றோரோடு இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தபடியே வீடியோவில் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறவர். பழைய லேப்டாப்பின் விசிறி இரைச்சலில் பிள்ளைகளுக்குப் பாடமே கேட்கவில்லையாம். கரண்ட் போனால் வகுப்பும் போய்விடுகிறதாம். நான் குறைகளை ஆரம்பிப்பதற்குள் வாசல் அட்டையைக் காட்டினார். "நான் இதுல இணைக்கப்போறது புள்ளைங்களத்தான் சார். கையோட எடுத்துட்டு வரணும்னா இங்கயேதான் வகுப்பு வைக்கணும். வைக்கட்டுமா?"

வைத்தார். கரண்ட் போனாலும் தாங்குகிறதா என்று பார்க்க ரியாஸ் கடையின் மெயின் சுவிட்சையே அணைத்தார். செல்போன் இணையத்தில் திரை முழுக்கப் பிள்ளைகள் முகம். சபியா டீச்சர் என்ன நினைத்தாரோ, "இன்னிக்குப் புத்தகம் வேணாம், பஸ் போர்டு படிக்கலாம்" என்று சொல்லிவிட்டார். லேப்டாப்பை இரு கையிலும் ஏந்திக்கொண்டு நான் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய பஸ் ஸ்டாண்ட் ஓரத்தில் போய் நின்றேன். ஒவ்வொரு பஸ்ஸாக வர வர, துபாயிலிருந்து பிள்ளைகள் கூட்டமாகக் கத்தினார்கள். து-றை-யூர்! ஆத்-தூர்! பழக்கடைக்காரர், பூக்காரம்மா எல்லாம் சுற்றி நின்றுகொண்டு, சரியாகப் படித்தவனுக்குக் கை தட்டினார்கள். ஒரு குட்டிப் பையன் மட்டும் அழும் குரலில், "நான் படிக்கிறதுக்குள்ள பஸ்ஸு போயிடுது டீச்சர்" என்றான்.

அடுத்து வந்த அரியலூர் பஸ்ஸை ரியாஸ் நடு ரோட்டில் நின்று கையைக் காட்டி நிறுத்தினார். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏறுறீங்களா இல்லியா?" என்று அதட்டினார். "இல்லண்ணே, துபாய்ல ஒரு புள்ள போர்டு படிக்கிறான், ஒரு நிமிசம்" என்றார் ரியாஸ். கண்டக்டர் என் கையிலிருந்த திரையைக் குனிந்து பார்த்தார். பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். அ... ரி... ய... லூர் என்று அவன் முடித்ததும் பஸ்ஸுக்குள்ளிருந்தும் கைத்தட்டல். கண்டக்டர் விசிலை வாயருகே கொண்டுபோய்விட்டு ஒரு தரம் கேட்டார்: "எல்லாரும் படிச்சாச்சா? அப்ப ரைட், போலாம்!"

கடல் தாண்டி வந்த ஆர்டர்

அந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் அந்தப் பக்கம் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அன்று மாலையே போன் வர ஆரம்பித்தது. வீட்டில் மனைவிக்கு ஒன்று, காலேஜ் போகும் தங்கைக்கு ஒன்று. ஒருவர் சொல்லி ஒருவர் என்று துபாயிலிருந்து குவைத், கத்தார் என்று பரவிவிட்டது. பணம் அங்கிருந்து வந்தது, லேப்டாப் இங்கிருந்து லப்பைக்குடிக்காட்டுக்குப் போனது. நான் விடவில்லை. கடல் தாண்டிப் பேசுகிறவர் ஒவ்வொருவரிடமும் பழைய பிரிண்டர், கைரேகைக் கருவி, விளையாட்டு என்று என் பாராயணத்தை முழுதாக ஒப்பித்தேன்.

குவைத்தில் டிரைவராக இருக்கும் ஒருவர் பாதியில் குறுக்கிட்டார்: "பாய் கடை அண்ணனா பேசுறீங்க? எங்க வூட்டுல கரண்ட் போனாலும் அவங்க மூஞ்சி எனக்குத் தெரியணும். அது ஓடுமா, அத மட்டும் சொல்லுங்க, மத்தது எது ஓடாட்டியும் ஓடாமயே கெடக்கட்டும்."

மாமாவுக்கு ஒரு பதில்

அடுக்கு கரைந்து, கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைத்தது மட்டும் மிஞ்சியிருந்த அன்று ரியாஸ் மாமாவுக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டார். அதே வாரத்தில் ஒரு முற்பகலில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. ஹெல்மெட்டைக்கூட எடுக்காமல் ஓடினார். நான் கடையில் தனியாக நின்று, எந்த வாடிக்கையாளரிடமும் எதையும் விளக்க முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்கு மேல் திரும்பி வந்தார். சட்டையின் முன்பக்கம் ஈரமாக இருந்தது. அதைத் துடைக்காமல், பதக்கம் குத்திக்கொண்டு வந்தவர் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். "பொண்ணுண்ணே, மாஷா அல்லாஹ்! கையில வாங்குன மறு நிமிசமே சட்டையில பேஞ்சிட்டா. மூத்தவளப் போன்ல பார்த்தப்ப இந்த வசதியெல்லாம் இல்லண்ணே!"

எல்லாக் குறைகளையும் முதலிலேயே கேட்டுவிட்டு வாங்கியவர்களில் ஒருவர்கூட லேப்டாப்பைத் திருப்பிக் கொண்டுவரவில்லை என்றாலும், கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் சொல்ல மறந்த குறை ஒன்றோடு யாரோ வந்துவிட்டார் என்றுதான் நான் இன்னமும் நிமிர்ந்து பார்க்கிறேன்.