பிரஷர் இல்லாதவளுக்கு பிரஷர் மாத்திரை

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற பஸ்ஸில் ஒருவர் என்னை அடையாளம் கண்டுபிடித்துவிட்டார். சந்தோஷம். ஆனால், அடுத்த நிமிடமே சட்டைப் பையிலிருந்து ஒரு மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினார்.

“நீங்க நாலு விஷயம் தெரிஞ்சவுக. இந்த மாத்திரை எனக்குத் தேவைதானா, பாத்துச் சொல்லுங்க.”

“எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள்” என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. இதுகூடத் தெரியாமலா வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிறான் என்று நினைத்திருப்பார்.

நினைக்கட்டும். ஒரு வருடத்துக்கு முன்பு என்றால் சொல்லியிருப்பேன். சொல்லவும் செய்தேன்… என் சொந்தத் தங்கைக்கு.

தங்கை செல்விக்கு ஐம்பத்திரண்டு வயது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர். பன்னிரண்டு வருடமாக சர்க்கரை உண்டு. ஆனால் பிரஷர் மட்டும் நூற்றி இருபதுக்கு எண்பது. அதில் அவளுக்கு ஒரு பெருமை.

ஒருநாள் போன் செய்தாள்.

“அண்ணே, டாக்டரம்மா புதுசா ஒரு மாத்திரை எழுதியிருக்காக. மெடிக்கல்ல கேட்டா, பிரஷர் மாத்திரைங்கான். எனக்குத்தான் பிரஷரே கிடையாதே. திங்கவா, வேண்டாமா?”

மாத்திரையின் பெயர் டெல்மிசார்ட்டன். செல்போனில் தேடினேன். ‘உயர் ரத்த அழுத்தத்துக்கான மருந்து’ என்றது முதல் வரி. அதற்குக் கீழே நான் போகவில்லை. முதல் பாராவோடு நிறுத்திவிடுகிற வாசகர்களைப் பற்றி எத்தனை தடவை புலம்பியிருப்பேன்?

“டாக்டர் ஏதோ ஞாபகத்துல எழுதியிருப்பாங்க. சுகர் மாத்திரை மட்டும் போடு” என்றேன். அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்.

ஏழு மாதம் போயிற்று. செல்விக்குச் சாயங்காலமானால் கால் வீங்கியது. செருப்பு வார் பதிந்த தடம் மறையவே இல்லை. மில்லில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பதால் என்று நினைத்தாள். சிறுநீர் நுரைக்க ஆரம்பித்ததும் பயந்துவிட்டாள். நான்தான் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா புதிய ரிப்போர்ட்டையும் பழைய ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிறுநீரில் புரதம் பல மடங்கு கூடியிருந்தது.

“அந்த மாத்திரைய எடுக்கறீங்களா?”

“இல்ல டாக்டர். நானாத்தான் நிறுத்திட்டேன்” என்றாள் செல்வி.

என்னைக் காப்பாற்றுகிறாள். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

“நான்தான் நிறுத்தச் சொன்னேன்” என்றேன்.

“நீங்க டாக்டரா?”

“இல்ல. பத்திரிகைல எழுதறேன்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“அன்னைக்குக் கூட்டம். நானும் விளக்கிச் சொல்லியிருக்கணும்” என்றவர், இப்போது நிதானமாகச் சொன்னார். “நம்ம உடம்புலயே ஆஞ்சியோடென்சின்னு ஒண்ணு சுரக்குது. அது ரத்தக் குழாய இறுக்கும். கிட்னில சின்னச் சின்ன வடிகட்டிகள் இருக்கு. சுகர் உள்ளவங்களுக்கு, வடிகட்டிலருந்து ரத்தம் வெளிய போற குழாய் இறுகி, உள்ள அழுத்தம் ஏறிடும். அப்பத்தான் புரதம் கசியும். கைல கட்டிப் பாக்கற மெஷினுக்கு இந்த அழுத்தம் தெரியாது. இந்த மாத்திரை அந்த இறுக்கத்தத் தளர்த்தும். கிட்னி கெடறத மெதுவாக்கும்.”

இந்த வகை மாத்திரைகளை இதயம் பலவீனமானவர்களுக்கும் கொடுப்பதுண்டாம். அவற்றில் ஒன்றை, ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுக்கக்கூடக் கொடுக்கிறார்களாம். கர்ப்பிணிகளுக்கு மட்டும் கூடவே கூடாது. ஆரம்பித்த ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தில், கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். வாந்தி, பேதி என்றால் உடனே டாக்டரைக் கேட்க வேண்டும்.

இத்தனை வேலை செய்தும், முதலில் பிரஷருக்கு வந்ததால் ‘பிரஷர் மாத்திரை’ என்றே பெயர் நின்றுவிட்டது. யோசித்தால், மனிதர்களையும் நாம் அப்படித்தானே வைத்திருக்கிறோம்? செல்வியின் வீட்டுக்காரர் ராணுவத்திலிருந்து வந்து பதினெட்டு வருடமாக வன்னியம்பட்டிப் பக்கம் தென்னை வளர்க்கிறார். ஊருக்கு இன்றைக்கும் அவர் ‘மிலிட்டரி’தான். முதலில் பார்த்த வேலை, ஆயுசுக்கும் பெயராக ஒட்டிக்கொள்கிறது. மாத்திரைக்கும் அதே கதி.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று, அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று தயங்கித்தான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

“மச்சான், ஆர்மில ஒரு ஆர்டர் புரியலன்னா, குடுத்த ஆபீசர்கிட்டத்தான் போய்க் கேப்போம். பக்கத்துக் கூடாரத்துல போய்க் கேக்க மாட்டோம்” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும்.

செல்வி மறுபடி மாத்திரையை ஆரம்பித்தாள். உப்பைக் குறைத்தாள். நாலு மாதம் கழித்துப் பார்த்ததில் புரதக் கசிவு பாதியாகக் குறைந்திருந்தது. கால் வீக்கம் வடிந்துவிட்டது. “இழந்த ஏழு மாசத்த முழுசா மீட்டுட்டோம்னு சொல்ல மாட்டேன். ஆனா இப்ப சரியான பாதைல இருக்கோம்” என்றார் டாக்டரம்மா. செல்வி தெம்பாக மில்லுக்குப் போய்வருகிறாள்.

நேற்று போன் செய்தாள்.

“அண்ணே, இன்னொரு மாத்திரை சேத்திருக்காக.”

அவசரமாகக் கேட்டேன். “என்ன மாத்திரைம்மா?”

“அத உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? எதுக்கு, எம்புட்டு நாளைக்குன்னு டாக்டரம்மாட்டயே கேட்டுட்டு வந்துட்டேன். சாப்பிட்டியான்னு கேக்கத்தான் போன் பண்ணேன்.”

லேசாகச் சுருக்கென்றது. ஆனாலும், அண்ணன் பேச்சைக் கேட்காத தங்கை அமைவதற்கும் கொடுப்பினை வேண்டும்!