சட்டைப் பையில் இருந்த ஈ

துவைக்கப் போட்ட என் வீட்டுக்காரர் சட்டையின் பைக்குள் கையை விட்டபோது விரலில் சுருக்கென்று குத்தியது. எடுத்துப் பார்த்தேன். ஒரு சின்னத் தூண்டில் முள். அதைச் சுற்றிக் கருப்புக் கோழி இறகு, சிவப்பு நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. நடுவில் மயிரிழை போலச் செம்புக் கம்பி.

அதெல்லாம் நம்பக் கூடாது என்று சொல்லித்தான் எங்கள் வீட்டில் வளர்த்தார்கள். ஆனாலும் கருப்புக் கோழி இறகையும் சிவப்பு நூலையும் ஒன்றாகப் பார்த்தால் மனசு வேறு எங்கே போகும்? யாரோ அவருக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அவர் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர். யாரையும் அதட்டிக்கூடப் பேசியதில்லை. ஆனால் கொஞ்ச நாளாகவே ஆள் ஒரு மாதிரி இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு ஒரு நீளப் பையோடு வண்டியை எடுப்பார். மதியம் பேன்ட் கால் நனைந்து திரும்பி வருவார். கேட்டால், "சும்மா ஆத்துப் பக்கம்" என்பார்.

அன்று கடையிலிருந்து வந்ததும் உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். அவர் எனக்கு மாமி மகன்தான். சின்னதிலிருந்தே மச்சான் என்றுதான் கூப்பிடுவேன்.

"மச்சான், இது என்ன?"

"அட, இதைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். ஈ."

"ஈயா?"

"மீனுக்கு ஈ மாதிரி தெரியும். புழுவெல்லாம் வேணாம். செல்லுல பாத்துக் கட்டுனேன்."

"ஈ மாதிரி தெரியும்னு மீன்கிட்ட யாரு கேட்டா? சரி, இதுல மீன் மாட்டுதா?"

"மாட்டுது."

"அப்ப அதெல்லாம் எங்க?"

"விட்டுருவேன்."

பயம் போய்விட்டது. அதைவிடப் பெரிய குழப்பம் வந்து உட்கார்ந்துகொண்டது. மீன் குழம்பு என்றால் இன்னொரு தட்டு சோறு கேட்கிற மனிதர், வாரா வாரம் மீனைப் பிடித்து ஆற்றிலேயே விட்டுவிட்டு வருகிறாராம். இது வேறு எதையோ மறைக்கச் சொல்கிற கதை என்று தோன்றியது. "இந்த வாரம் நானும் வாரேன்" என்றேன். முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். மலர்ந்தது. அதுவும் எனக்கு விளங்கவில்லை.

ஆரப்பாளையம், பரவை எல்லாம் தாண்டி, வயல்கள் தெரிய ஆரம்பித்து ரொம்ப தூரம் போனபிறகு வண்டியை நிறுத்தினார். அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். வைகையில் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் இரைச்சலோடு ஓடியது. பையிலிருந்து துண்டு துண்டாகக் கம்பை எடுத்து ஒன்றில் ஒன்று செருகினார். முழங்கால் தண்ணீரில் இறங்கி, மொத்தமான மஞ்சள் நூலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னுமாக வீசினார். அது காற்றில் வளைந்து வளைந்து போய், நுனியிலிருந்த ஈ சத்தமில்லாமல் தண்ணீரில் உட்கார்ந்தது. மெஷின் கிரீஸ் ஒட்டிய கை இவ்வளவு பதமாக அசையும் என்று எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் கையளவு கெண்டை ஒன்று மாட்டியது. கையை நனைத்துக்கொண்டு, முள்ளை எடுத்து, தண்ணீரிலேயே விட்டார். சொன்னது உண்மைதான்.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏந்தாயி, ஒன் வீட்டுக்காரருக்கு மீன் ஆகாதா?"

"நல்லா திம்பாருக்கா."

"பெறகு எதுக்குப் பிடிச்சுப் பிடிச்சு விடுறாரு? எங்கிட்ட குடுத்தாலும் கொழம்பு வப்பேன்ல?"

"எனக்கும் தெரியலக்கா" என்றேன்.

அவரிடமே போய்க் கேட்டேன். "திங்கவும் இல்ல, விக்கவும் இல்ல. அதுக்கு வாய் வலிக்காதா?"

"முள்ளு நுனியில பின்பக்கமா நீட்டிக்கிட்டு இருக்க கொக்கியத் தட்டி மழுக்கிட்டேன். அம்புட்டா வலிக்காதுன்னு நெனக்கிறேன்" என்றவர், "தெரியலப்பா. நீ ஒருதரம் வீசிப் பாரு" என்று கம்பை நீட்டினார்.

முதல் வீச்சு கருவேல முள்ளில் மாட்டியது. அடுத்தது என் துப்பட்டாவில். அப்புறம் எப்படியோ ஒன்று பாறைக்குப் பக்கத்தில் விழுந்து, மிதந்து போய் அப்படியே நின்றது.

"கல்லுல மாட்டிக்கிச்சு மச்சான்."

"கல்லு நகருமா? பாரு."

நகர்ந்தது. கம்பு வில்லாக வளைந்தது, நூல் சுற்றியிருந்த ரீல் கிரீச்சென்று கத்தியது. நூல் விரலைச் சுட்டது. ஆறே என் கையைப் பிடித்து இழுப்பது போல இருந்தது.

"விடவா, பிடிக்கவா?"

"ரெண்டும் செய்யி. இழுத்தா விடு, நின்னா சுத்து."

செருப்பு எங்கே போனது என்று தெரியாமல் அதன் பின்னாலேயே கரையோரம் ஓடினேன். கை மரத்துப் போனபிறகுதான் அது ஓய்ந்தது. அவர் கைவலையால் அள்ளினார். முழங்கை நீளக் கெண்டை. பித்தளை நிறச் செதில், உதட்டோரம் மீசை. செவுள் திறந்து திறந்து மூடியது.

"ஒன் மீனு. நீதான் சொல்லணும்" என்றார்.

காலையிலிருந்து குழம்புக்காக வாதாடியவள் நான். வேறு எதைச் சொல்வது? "வீட்டுக்குத்தான்" என்றேன். அவர் முள்ளை எடுத்துவிட்டு மீனைப் பையில் போட்டார்.

செதில் உரசும்போது கை இரண்டு தடவை நின்றது. மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். அவர் தலைத்துண்டைக் கேட்டு வாங்கி, ருசித்துச் சாப்பிட்டார். எனக்கு இறங்கவில்லை. முள் அதிகம் என்று சொல்லி எழுந்துவிட்டேன். அவர் மேல் கோபமாக வந்தது. ஒருவார்த்தை 'விட்டுரு' என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பேனே என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் அதற்கும் கோபப்பட்டிருப்பேன்.

மறு ஞாயிறு அவர் கூப்பிடுவதற்கு முன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன். அதற்கடுத்த வாரமும் போனேன். அன்று மறுபடி ஒன்று எனக்கு மாட்டியது, முன்னதைவிடச் சின்னது. அவர் கேட்பதற்குள் என் கை தண்ணீருக்குள் போய் விரிந்துவிட்டது. மீன் கொஞ்ச நேரம் உள்ளங்கையிலேயே மூச்சு வாங்கிவிட்டு, வாலை ஒரு அசைப்பு அசைத்துப் போனது.

"நீயும் இப்பிடி ஆயிட்டியே தாயி" என்றார் ஆட்டுக்கார அம்மா.

திரும்பும்போது பரவையில் ரோட்டோரம் ஒருவர் மீன் விற்றுக்கொண்டிருந்தார். மச்சான் வண்டியை ஓரம் கட்டி, "அரைக் கிலோ போதுமா?" என்று கேட்டார்.

"ஒரு கிலோவா வாங்குங்க" என்றேன்.

பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன்.  ஆரப்பாளையத்தில் பஸ் நெரிசலில் வண்டி நின்றபோது, "மச்சான், நாம செய்யிறது சரிதானா?" என்று கேட்டேன்.

"எது, விடுறதா, வாங்குறதா?" என்றார்.

எதைக் கேட்டேன் என்று எனக்கே பிடிபடவில்லை. அதற்குள் பின்னாலிருந்த பஸ் ஹாரன் அடித்தது, அவர் வண்டியை எடுத்துவிட்டார்.