ஒரு பலகை நீளக் கடற்கரை

பர்மாச் சண்டை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் துறைமுகத்துப் பட்டறையில் மறுபடியும் தச்சு வேலைக்குச் சேர்ந்தார். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால், மீன்காரர்கள் சந்தில், ஒற்றை அறையில் எங்கள் குடித்தனம். வேலை விட்டு வந்தால் மனுஷர் வாயைத் திறக்க மாட்டார். எனக்கோ வாய் நிற்காது. இரண்டும் சேர்ந்து வீடு ஒருவாறு ஓடியது.

சந்துக் கோடியில் இருந்த மீன்காரம்மாவின் ஒரே மகனும் இவரும் ஒன்றாகப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். பர்மாவில் அரக்கான் கரையில் ஒரே படகிலிருந்து இறங்கியவர்கள். இவர் திரும்பி வந்தார், அவன் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. மணலில் கால் வைத்ததுமே குண்டு பட்டது, வலி தெரியுமுன்னே உயிர் போய்விட்டது என்று இவர் அந்தம்மாவிடம் சொல்லியிருந்தார். எனக்கும் அதையேதான் சொன்னார்.

நாங்கள் வேதக்காரர்கள் அல்ல, மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் அல்ல. ஆனால் அந்தச் சந்தில் கல்லறைத் திருநாள் யாரையும் விடாது. காலையிலேயே பூவும் மெழுகுவர்த்தியும் சுண்ணாம்பு வாளியுமாகச் சந்தே காசிமேட்டுக் கல்லறைக்குக் கிளம்பிவிடும். அந்தம்மாவின் புருஷனுக்கு அங்கே ஒரு மேடு இருந்தது. மகனுக்கு இல்லை. இவர் திரும்பி வந்த வருஷம், கல்லறையிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாள். கையில் ஒரு மெழுகுவர்த்தி மிச்சம் இருந்தது.

"நீ அந்த எடத்தப் பாத்தவன், நைனா. அது எப்டி கீதுன்னு எனக்குக் காட்டு. இத்த வெக்க எனக்கு ஒரு எடம் வோணும்."

வேறு யாராவது என்றால் தரையில் கரிக்கட்டியால் கிறுக்கிக் காட்டியிருப்பார்கள். இவர் தச்சர். அடுத்த கல்லறைத் திருநாளுக்குள் செய்து வைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

அன்று பிடித்தது சனி. துறைமுகத்திலிருந்து பெட்டிப் பலகைகளை வாங்கி வந்து இணைத்து, அறையில் பாதியை அடைத்தார். ராயபுரத்து மணல் ஆகாதாம், அந்தக் கரை மணல் சாம்பல் நிறமாம். ரயில் நிலையத்தருகே கரித்தூள் பொறுக்கி வந்து சலித்துக் கலந்தார், என் மாவுச் சல்லடையில். தென்னைகளுக்கு ஈர்க்குச்சி உருவியதில் என் துடைப்பம் நாளுக்கு நாள் இளைத்தது. பிஸ்கட் தகரத்தை வெட்டிப் படகுகள் செய்தார். அவற்றின் முன்பக்கம் கதவு போலக் கீழே விழும். அது விழுந்ததும் அதன் மேல் ஓடித்தான் இறங்க வேண்டுமாம். கடலுக்கு வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சி, துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து, ஒன்று காய்ந்த பிறகு இன்னொன்றாக ஊற்றினார். அந்த நாற்றத்தில் சோறு இறங்கவில்லை. நான் சண்டை போட்டேன்.

சண்டை போட்டுக்கொண்டே நானும் உட்கார்ந்துவிட்டேன். காகிதத்தை ஊறவைத்து, பூச்சி அரிக்காமலிருக்க வெந்தயம் சேர்த்து அரைத்துக் கூழாக்கி, சிப்பாய்களை உருட்டியது நான்தான். ஆளுக்கு ஒரு மூக்கு வைத்தேன். கட்டைவிரல் நகம் அளவு ஆளுக்கு மூக்கு எதற்கு என்றார். மூக்கில்லாமல் ஒருத்தனை எப்படிச் சண்டைக்கு அனுப்புவது என்றேன். அந்த வருஷம் அவர் சிரித்ததாக எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு தடவைதான்.

ஒரு சிப்பாயை மட்டும் என்னைத் தொட விடவில்லை. அது அந்தம்மாவின் மகன். அவனை அவரே செய்து, மணலில் குப்புற ஒட்டினார். மறுநாள் பார்த்தால் பெயர்த்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு மறுபடியும் ஒட்டுவார். இப்படியே பல நாள். பிள்ளையைப் புதைத்துத் தோண்டி விளையாடுகிறீரா என்று ஒரு நாள் கத்திவிட்டேன். கஞ்சியில் நனைத்த பஞ்சால் அலைகளை ஒட்டியபோது, படகுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பட்டையை வெறுமனே விட்டிருந்தார். பஞ்சு மிச்சமிருக்கிறது, அங்கேயும் ஒட்டவா என்றேன். அங்கே அலை கிடையாது என்று மட்டும் சொன்னார்.

கல்லறைத் திருநாள் வந்தது. அந்தம்மா குளித்து, வெளுத்த சேலை கட்டி, செவ்வந்திப் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டு வந்தாள். படகுகளைப் பார்த்தாள், தென்னைகளைப் பார்த்தாள். நான் பெருமையாக மூக்குகளைக் காட்டினேன். மகன் எங்கே என்று கேட்டாள். இவர் மணலைச் சுட்டினார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு பூவைப் பிரித்தாள். ஆனால் வைக்கவில்லை. அவள் கண் கடலுக்கே திரும்பிப் போயிற்று. அலையில்லாத பட்டையில் விரலை வைத்தாள்.

"ரெண்டு பக்கமும் அல ஒடையுது. நடுவுல தண்ணி படுத்துக் கெடக்குது. அப்ப இங்க ஆழம்." என்னிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு இவர் பக்கம் திரும்பினாள். "இத்த எப்டி நைனா தாண்டினீங்க?"

இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம்தான் எல்லாம் வந்தது. படகு மணல்திட்டில் தட்டி நின்றிருக்கிறது. கரை வந்துவிட்டது என்று நினைத்துக் கதவைத் தள்ளிவிட்டார்கள். இடுப்பளவு தண்ணீரில் குதித்தவர்களுக்கு நாலு எட்டில் தரை இல்லை. முதுகில் மூட்டை, காலில் பூட்ஸ், கையில் துப்பாக்கி. கடலை விட்டுத் தள்ளி, வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்த இவருக்கு நீச்சல் தெரியாது. பின்னால் வந்த அந்தம்மாவின் மகன் இவரை முன்னே தள்ளியிருக்கிறான். இவர் முழுகும்போதெல்லாம் தள்ளியிருக்கிறான். கால் மணலில் பட்டு இவர் திரும்பிப் பார்த்தபோது பின்னால் யாரும் இல்லை. குண்டு ஒன்றும் அவன்மேல் படவில்லை.

"நீச்சல் தெரியாத நான் கரையேறிட்டேம்மா. ஒம்புள்ள முழுகிட்டான்னு ஒங்கிட்ட எப்டிச் சொல்லுவேன்?"

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. பிள்ளைகள் எல்லாம் கடலில் நீந்தி வளரும் அந்தச் சந்தில் ஒருவன் தண்ணீரில் மூழ்கிச் செத்தான் என்றால், குடித்திருந்தானா என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆனாலும் எனக்குக் கோபம் பொங்கியது. பக்கத்தில் படுத்துக்கொண்டே என்னிடமும் மறைத்திருக்கிறாரே. அடுத்த நிமிஷம் கோபம் போய்ப் பயம் பிடித்துக்கொண்டது. அவள் வயிறெரிந்து ஒரு சொல் சொல்லிவிட்டால் இந்த மனுஷர் அதோடு முடிந்துபோவார் என்று தோன்றியது. பூவைப் பிடித்திருந்த அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் பூவைப் பலகை ஓரத்தில் வைத்தாள். குனிந்து, மணலில் கிடந்த மகனை நகத்தால் நெம்பி எடுத்தாள். முகத்தில் ஒட்டியிருந்த மணலைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து உதிர்த்தாள்.

"மண்ணுல வுழுந்தான்னு சொன்னியே," என்றாள். திட்டாகத் தொடங்கிய குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது. "தள்னான்னியே. எங்க வெச்சுத் தள்னான்?" என்று கேட்டாள்.

இவருக்குப் புரியவில்லை.

"கை, நைனா. அவன் கை எங்க பட்டுது?"

இவர் எழுந்து திரும்பி நின்று, கையைப் பின்னால் வளைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே தொட்டுக் காட்டினார். அவள் சட்டையைத் தூக்கச் சொன்னாள். தூக்கினார். அந்த வெறும் முதுகில் தன் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு, மகன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.