"ஊடு இன்னா ஆச்சு?"

குமணன்சாவடியில் காருக்குக் காற்று அடிக்கும் கடைக்காரர் அவர். நெற்றி வரைக்கும் கிரீஸ். காற்று அடித்ததும் விரலை நாக்கில் தொட்டு வால்வின் மேல் வைப்பார். எச்சில் குமிழ் விடாவிட்டால்தான் மூடியைத் திருகுவார்.

அன்று எங்கள் பின்சீட்டில் கூடாரம், அடுப்பு, தலையணை எல்லாம் கிடந்ததைப் பார்த்தார்.

"இன்னா சார், ஊடு காலி பண்ணிக்கினு போறீங்களா?"

"இல்லண்ணா. கார்வார் பக்கம் கடலை ஒட்டின காட்டுல ஒரு வாரம் கூடாரம் போட்டுத் தங்கப்போறோம்."

"ஏன், ஊடு இன்னா ஆச்சு?"

"வீடு நல்லாத்தான் இருக்கு."

அவர் நம்பவில்லை. என் மனைவி பக்கம் குனிந்து, "அம்மா ஊடு கூட இல்லியாம்மா உனக்கு?" என்றார்.

அவள் அம்மா வீடு பாடியில், அங்கிருந்து அரை மணி நேரத் தூரம்தான். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் அங்கே போனதில்லை. "இருக்குண்ணா" என்றாள்.

கார்வாரில் மரத்தடியில் கூடாரம், எதிரே கடல், எல்லாம் ஆசைப்பட்டபடியே இருந்தது. இரண்டாம் நாளே அவள் கூடாரத்தைச் சுருட்டினாள். நான் அடுப்பையும் தலையணையையும் காரில் ஏற்றினேன்.

திரும்பும்போது அதே கடையில் நிறுத்தச் சொன்னாள். அவர் டயரைப் பார்த்துவிட்டு, "காத்து எறங்கலியே, எதுக்கு நிறுத்துனீங்க?" என்றார்.

"பாடிக்கு எப்படிண்ணா போகணும்?" என்று கேட்டாள், அங்கேயே பிறந்து வளர்ந்தவள்.

"மேம்பாலம் வரிக்கும் போம்மா. அப்பால உனக்கே தெரியும்."

அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை.